மாருதி 800 இன்ஜினில் ரேஸ் கார் கட்டியவர்

நம்ம காலேஜ் ரேஸிங் டீம் பசங்ககிட்ட கரின்னு சொன்னா உடனே கோயம்புத்தூர் டிராக்தான் ஞாபகம் வரும். செட்டிபாளையத்துல இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே. ஃபார்முலா பாரத் போட்டிக்கு நாடு முழுக்க இருந்து இன்ஜினியரிங் மாணவர்கள் தாங்களே கட்டின காரைத் தூக்கிக்கிட்டு அங்கதான் போவாங்க. நான் ஃபர்ஸ்ட் இயர் படிக்கும்போது மெஸ்ல ஒருத்தன் கேட்டான், டிராக்குக்கு எதுக்குடா கறின்னு பேர் வச்சிருக்காங்க, அங்க மட்டன் ஃபேமஸான்னு. எல்லாரும் சிரிச்சோம். ஆனா அந்தப் பேர் எங்கிருந்து வந்துச்சுன்னு அந்த டேபிள்ல இருந்த ஒருத்தருக்கும் தெரியல.

அது ஒரு மனிதரோட பேர். சுந்தரம் கரிவர்தன். ரேஸ் வட்டாரத்துல எல்லாருக்கும் கரி. அவர் இறந்து முப்பது வருஷம் ஆகுது. நம்மள மாதிரி கையில காசு இல்லாம ரேஸ் ஆசை மட்டும் வச்சிருக்கிற பசங்க அவர் கதையைக் கண்டிப்பா தெரிஞ்சிக்கணும்.

கரி பிறந்தது 1954-ல். கோயம்புத்தூர்க்காரர். லட்சுமி மில்ஸ் குடும்பம். அதனால அவருக்குப் பணம் ஒரு பிரச்சனையே இல்ல, இதை முதல்லயே சொல்லிடணும். இது ஏழைப் பையன் ஜெயிச்ச கதை இல்ல. பணம் இருந்த ஒருத்தர், பணம் குறைவா இருக்கிறவங்களும் ஓட்டுற மாதிரி ஒரு காரை யோசிச்ச கதை. எனக்கு அதுதான் பெரிய விஷயமா தெரியுது.

அந்தக் காலத்துல தென்னிந்தியாவுல கார் ரேஸ்னா சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர் சமயத்துல போட்ட விமான ஓடுதளம். போர் முடிஞ்சு சும்மா கிடந்த அந்த ரன்வேயில மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ரேஸ் நடத்த ஆரம்பிச்சது. ஒழுங்கான டிராக் கிடையாது. தட்டையான நேர் ரோடு, அதுல வளைவுகளைக் குறிச்சு வச்சு ஓட்டுவாங்க. ஃபியட், ஹெரால்டு, அம்பாசடர்னு ரோட்டுல ஓடுற காரையே கழட்டி மாத்தி ட்யூன் பண்ணி கொண்டு வருவாங்க. பார்க்கிறதுக்குக் கூட்டம் அலைமோதும். கரி ஓட்டினதும் ஜெயிச்சதும் அங்கதான். அவரோட டீம் பேர் சூப்பர் ஸ்பீட்ஸ்.

அதே சோழவரத்துல இன்னொரு உலகமும் இருந்தது. வெளிநாட்டு ரேஸ் கார் வாங்க முடிஞ்சவங்க உலகம். 1980-களின் தொடக்கத்துல விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் கார் ஒன்னையே அங்க இறக்கி ஓட்டினார். அது லைசென்ஸ் ராஜ் காலம். ஒரு ரேஸ் காரை இறக்குமதி பண்ணணும்னா அனுமதி வேணும், அதுக்கு மேல கனமான சுங்க வரி கட்டணும். கார் வந்த பிறகு ஒரு சின்ன பார்ட் உடைஞ்சாலும் மறுபடி வெளிநாட்டுல இருந்துதான் வரணும். அது வர்ற வரைக்கும் கார் ஷெட்ல தூங்கும். ஆக யார் ஃபாஸ்ட்டுங்கிற கேள்விக்கு முன்னாடியே யார்கிட்ட எந்த கார் இருக்குங்கிற கேள்வி முடிவாயிடும். திறமை இருக்கிற பையனுக்குத் தன் திறமை எவ்வளவுன்னு தெரிஞ்சிக்கவே வழி இல்ல.

இந்த இடத்துலதான் கரி வேற மாதிரி யோசிச்சார்.

1983 டிசம்பர்ல மாருதி 800 வந்தது. 796 சிசி, மூணு சிலிண்டர் இன்ஜின். பவர் நாற்பது குதிரைசக்திக்கும் கீழ. பேப்பர்ல பார்த்தா ரேஸுக்குச் சம்பந்தமே இல்லாத இன்ஜின். ஆனா சில வருஷத்துல அது இந்தியாவுல எல்லா ஊர்லயும் கிடைக்கிற இன்ஜின் ஆயிடுச்சு. ஸ்பேர் பார்ட்ஸ் எந்தக் கடையிலயும் இருக்கும். பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச மெக்கானிக் எல்லாத் தெருவுலயும் இருப்பார். கரி இந்த இன்ஜினை எடுத்து, அதைச் சுத்தி ஒரு சிங்கிள் சீட்டர் கட்டினார். 1980-களின் கடைசியில வந்த அந்த காருக்கு ஃபார்முலா மாருதின்னு பேர்.

மெக்கானிக்கல் பசங்களுக்காக ஒரு நிமிஷம். மாருதி 800-ல இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டா முன்னாடி குறுக்கா உக்காந்து முன் சக்கரத்தை இழுக்கும். அந்தக் கட்டை அப்படியே டிரைவருக்குப் பின்னாடி வச்சா அது பின் சக்கரத்தைத் தள்ளும். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது எடை பின்னாடி சாயும், பின் டயருக்குப் பிடிப்பு கூடும். தனியா டிரான்ஸ்மிஷன் டிசைன் பண்ணவோ வெளிநாட்டுல இருந்து வாங்கவோ வேண்டியதில்ல. அடுத்தது எடை. கூரை, கதவு, பின் சீட்டு, கண்ணாடி எதுவும் கிடையாது. பைப்பை வெல்ட் பண்ணின சேஸிஸ், மேல லேசான பாடி. பவரைக் கூட்டுறதுக்கு காசு வேணும், எடையைக் குறைக்க மூளை போதும். சாதாரண குடும்ப கார் இன்ஜின் ஒரு மெலிஞ்ச காரைத் தள்ளும்போது அது ரேஸ் கார் மாதிரியே நடந்துக்கும். லேட்டா பிரேக் அடிக்கிறது, வளைவுக்குள்ள சரியான லைன் பிடிக்கிறது, வேகத்தை விடாம வெளிய வர்றது, எல்லாத்தையும் அதுல கத்துக்கலாம். சொல்லப்போனா பவர் குறைவா இருக்கிறதால இன்னும் நல்லா கத்துக்கலாம். வளைவுல விட்ட வேகத்தை நேர் ரோட்டுல மீட்டுத் தர அந்த இன்ஜினால முடியாது. தப்பு பண்ணினா அந்த லேப் போச்சு.

எல்லாருக்கும் ஒரே மாதிரி கார்ங்கிறதுதான் இதுல இருக்கிற அடுத்த நன்மை. என் இன்ஜின் பெரிசு, உன் இன்ஜின் சின்னதுன்னு பேச்சே வராது. டயர் பிரஷர், சஸ்பென்ஷன் செட்டிங், ஓட்டுற கை, பின்னாடி வேலை செய்யிற டீம், இதுல யார் சரியா இருக்காங்களோ அவங்க முன்னாடி போவாங்க. அமெரிக்காவுல 2006-ல 24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்னு ஒரு எண்டியூரன்ஸ் ரேஸ் ஆரம்பிச்சாங்க. 500 டாலருக்குள்ள வாங்கின ஓட்டை காரை நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ரெடி பண்ணி மாத்தி மாத்தி மணிக்கணக்கா ஓட்டணும். அங்க விலைக்கு வரம்பு வச்சாங்க. கரி அதுக்கு ரொம்ப முன்னாடியே பார்ட்ஸுக்கு வரம்பு வச்சார். ரெண்டுக்கும் நோக்கம் ஒன்னுதான்: கார் விலை ஜெயிக்கக் கூடாது, ஆள் ஜெயிக்கணும்.

ஆள்னு சொன்னாலும் அது ஒரு ஆள் இல்ல. நம்ம காஞ்சிபுரத்துல கோர்வைப் புடவை நெய்யிற தறியைப் பார்த்திருக்கீங்களா? உடல் ஒரு கலர், கரை ஒரு கலர். நெய்யிறவர் எவ்வளவு கைதேர்ந்தவரா இருந்தாலும், கரை பக்கத்து நாடாவைத் தள்ளிக் கொடுக்க பக்கத்துல இன்னொரு ஆள் உக்காரணும். புடவையைப் பார்க்கிறவங்களுக்கு அந்த ரெண்டாவது ஆள் தெரியவே மாட்டார். சூப்பர் ஸ்பீட்ஸ்ல கரிக்கு ரெண்டு வேலையும் தெரியும். தானே ஓட்டி ஜெயிச்சவர், அப்புறம் மத்தவங்க ஓட்ட கார் கட்டிக் கொடுத்தார்.

1990 வாக்குல ரேஸ் சோழவரத்தை விட்டு இருங்காட்டுக்கோட்டைக்கு மாறியது. நம்ம மாவட்டம்தான். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி சென்னை போற பஸ்ல உக்காந்தா ஹூண்டாய் தொழிற்சாலை வருமே, அந்த இருங்காட்டுக்கோட்டை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்க ரேஸுக்குன்னே கட்டின டிராக், 3.7 கிலோமீட்டர் நீளம். ஃபார்முலா மாருதி கார்கள் அங்க வரிசையா நிக்க ஆரம்பிச்சது. அதுல ஒன்னுல கோயம்புத்தூர்ல இருந்து வந்த ஒரு டீன்ஏஜ் பையன் உக்காந்தான். தன் முதல் ரேஸ்லயே முதல் மூணு இடத்துக்குள்ள வந்தான். பேர் நரேன் கார்த்திகேயன்.

1995 ஆகஸ்ட் 24. ஒரு விமான விபத்துல கரி இறந்துட்டார். வயசு 41.

நாற்பத்தொரு வயசுல ஒருத்தர் போயிட்டா, அவர் கையில இருந்த வேலை பாதியில நின்னுடும்னுதான் நினைப்போம். ஆனா அந்த கார் நிக்கல. அவர் இல்லாத காலத்துலயும் ஃபார்முலா மாருதி ஓடிக்கிட்டே இருந்தது. 2000-ல சென்னைப் பையன் கருண் சந்தோக் அதுல சாம்பியன் ஆனார். 2002-ல நடிகர் அஜித் குமார் அதே சாம்பியன்ஷிப்ல ஓட்டினார். 2000-களின் தொடக்கத்துல கோயம்புத்தூர்ல புது டிராக் வந்தப்போ அதுக்கு கரி பேரையே வச்சாங்க.

2005 மார்ச்ல மெல்போர்ன்ல நரேன் ஜோர்டன் காரில் உக்காந்து ஃபார்முலா ஒன்ல ஓட்டின முதல் இந்தியர் ஆனார். 2010-ல கருண் சந்தோக் ரெண்டாவது. இன்னைக்கு வரைக்கும் ஃபார்முலா ஒன் ரேஸ்ல ஓட்டின இந்தியர்கள் இந்த ரெண்டு பேர்தான். ரெண்டு பேரும் மாருதி 800 இன்ஜின்ல தொடங்கினவங்க. கருண் 2012-ல லெ மான் 24 மணி நேர ரேஸ்லயும் ஓட்டினார், அதுல ஓட்டின முதல் இந்தியரும் அவர்தான். 2025 ஜனவரியில துபாய் 24 மணி நேர ரேஸ்ல அஜித் குமாரோட டீம் 992 கிளாஸ்ல மூணாவது வந்தப்போ ஹாஸ்டலே கத்தினது ஞாபகம் இருக்கும். அந்தக் கொடியும் கொண்டாட்டமும் பார்த்தப்போ கரியை யாரும் நினைச்சிருக்க மாட்டோம். எனக்கும் அப்போ அவரைத் தெரியாது.

ஒன்னு நேர்மையா சொல்லணும். குறைஞ்ச செலவுன்னா சும்மா கிடைக்கும்னு அர்த்தம் இல்ல. லைசென்ஸ், ஹெல்மெட், தீப்பிடிக்காத சூட், டயர், பெட்ரோல், டிராக் வரைக்கும் போற செலவுன்னு ரேஸ் இன்னைக்கும் காசு கேட்கிற விளையாட்டுதான். நெசவு பண்ற வீட்டுல இருந்து நம்ம காலேஜுக்கு வர்ற பையனுக்கு அந்தக் கதவு இன்னும் முழுசா திறக்கல. கரி அந்தக் கதவைக் கொஞ்சம் தள்ளி வச்சார். மிச்சத்தைத் தள்ள வேண்டிய வேலை இருக்கு.

போன வருஷம் எங்க டீம் கார் கட்டும்போது ஒரு பெரிய சண்டை. வெளிநாட்டு ஷாக் அப்ஸார்பர் ஆர்டர் பண்ணலாம்னு ஒரு கூட்டம், நானும் அதுலதான் இருந்தேன். பட்ஜெட்ல பெரும்பகுதி அதுக்கே போச்சு, பார்சல் வந்து சேர லேட் ஆச்சு, டெஸ்டிங் பண்ண நாள் மிஞ்சல. அந்த ஷாக் அப்ஸார்பர் அருமையாத்தான் இருந்தது. ஆனா போட்டியில பிரேக் டெஸ்ட்லயே கார் நின்னு போச்சு. திரும்பி வர்ற ராத்திரி ரயில்ல யாரும் பேசல.

இந்த வருஷம் ஜூனியர்ஸ் கேட்கிறாங்க, எங்கிருந்து தொடங்குறதுன்னு. என் பதில் இப்போ ஒன்னுதான். காஞ்சிபுரத்துல ஒரு ஸ்கிராப் கடைக்குப் போங்க. ஒரு பழைய இன்ஜினைப் பிரிச்சு மறுபடி மாட்டுங்க. உடைஞ்சா அடுத்த தெருவுல பார்ட் கிடைக்கிற மாதிரி டிசைன் பண்ணுங்க. மிச்சமாகிற ஒவ்வொரு நாளையும் டெஸ்டிங்குக்குக் கொடுங்க. அப்புறம் செட்டிபாளையம் டிராக்குக்குப் போகும்போது கேட்ல இருக்கிற அந்தப் பேரை ஒரு தடவை நின்னு படிங்க.