கை கழுவச் சொன்ன வைத்தியர்



சென்ற மாதம் என் மகள் ஒன்பதாம் மாத செக்கப்புக்குப் போனாள். ஸ்வாப் டெஸ்ட் ஒன்று எடுக்கணும் என்று டாக்டரம்மா சொல்ல, இவள் வெட்கப்பட்டு வேண்டாமென்று வந்துவிட்டாள். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, எனக்கெதுக்கம்மா டெஸ்ட் என்பது அவள் கேள்வி. அநேக வருஷம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். அன்று இரவு அவளை உட்காரவைத்து ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொன்னேன். அதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

அவர் இக்னாஸ் செம்மல்வைஸ். 1818-ல் ஹங்கேரி தேசத்துப் பூடா நகரத்தில் பிறந்தவர். சட்டம் படிக்க வியன்னாவுக்குப் போனவர், மருத்துவத்துக்கு மாறினார். 1846-ல் வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவப் பகுதியில் உதவி மருத்துவரானார்.

அங்கே இரண்டு பிரிவுகள். முதலாவதில் டாக்டர்களும் மாணவர்களும், இரண்டாவதில் மருத்துவச்சிகள். அந்த 1846-ல் முதல் பிரிவில் நூற்றுக்கு 11 தாய்மார் மரித்தார்கள். இரண்டாவதில் 3 பேருக்கும் குறைவு. பெரும்பாலும் பிரசவ ஜன்னிதான். முதல் பிரிவில் சேர்க்காதீர்கள் என்று கர்ப்பவதிகள் முழங்காலில் நின்று கெஞ்சினார்கள். ஒரே ஆஸ்பத்திரி, ஏன் இந்த வித்தியாசம்? அவருக்குத் தூக்கம் போயிற்று.

1847 மார்ச்சில் அவருடைய சிநேகிதர் கொலெட்ச்கா, பிரேதப் பரிசோதனையில் ஒரு மாணவனின் கத்தி விரலில் பட்டு மரித்தார். அவர் உடலிலும் ஜன்னி கண்ட தாய்மார் உடலில் இருந்த அதே அடையாளங்கள்! அப்போதுதான் விளங்கிற்று. பிணத்தை அறுத்த கை, நேரே வந்து தாயைத் தொடுகிறது. வெறும் சோப்பு போதாது என்று, மே மாதம் குளோரின் சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த மரணம் ஜூனில் 2 ஆயிற்று.

அந்த அக்டோபரில் இன்னொரு அடி. கர்ப்பப்பையில் புற்றுநோய் கண்ட ஒரு பெண்ணைப் பரிசோதித்த கையோடு மற்றவர்களையும் பார்த்தார்கள். 12 பேரில் 11 பேர் மரித்தார்கள். பிணம் மட்டுமல்ல, உயிரோடிருப்பவரிடமிருந்தும் நோய் போகும் என்று அறிந்து, ஒவ்வொருவரைத் தொடும் முன்னும் கை கழுவச் சொன்னார்.

பெரியவர்கள் ஏற்கவில்லை. எங்கள் கையா அசுத்தம் என்று கோபம். 1849-ல் அவர் வேலை நீட்டிக்கப்படவில்லை. சொந்த தேசம் திரும்பி, பெஸ்ட் நகர ஆஸ்பத்திரியிலும் அநேக தாய்மாரைக் காப்பாற்றினார். 1861-ல் புத்தகம் எழுதினார். அதையும் தள்ளினார்கள். மனம் உடைந்தது. 1865-ல் மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டு, இரண்டே வாரத்தில், காயம் சீழ்பிடித்து 47-ம் வயதில் மரித்தார். 1879-ல் லூயி பாஸ்டர் பிரசவ ஜன்னியின் கிருமியைக் காட்டினார், மணி கோத்தது போன்ற ஸ்ட்ரெப்டோகாக்கஸ்.

அதே இனத்தில் குரூப் பி என்றொரு கிருமி உண்டு. உலகத்தில் ஏறக்குறைய ஐந்து கர்ப்பவதிகளில் ஒருவர் உடலில் சத்தமில்லாமல் குடியிருக்கிறது. அது வியாதியல்ல, அசுத்தமுமல்ல. தாய்க்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பிரசவ நேரத்தில் பிள்ளைக்கு ஒட்டினால், சில பிள்ளைகளுக்கு ரத்தத்திலும் மூளைச் சவ்விலும் கிருமி ஏறிவிடும். பிரசவ வலி கண்டதும் நரம்பில் ஆன்டிபயாடிக் ஏற்றினால் பெரும்பாலும் தடுக்கலாம். நான் வேலைபார்த்த இடத்தில், காய்ச்சலே இல்லாத ஒரு தாயின் குழந்தை இரண்டாம் நாளே போய்விட்டது. யாரும் டெஸ்ட் பார்த்திருக்கவில்லை. அந்தத் தாயின் முகம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் மகள் தானாகவே போனாள். கிருமி இருந்தது. வலி எடுத்ததும் மருந்து ஏற்றினார்கள். போன வாரம் பேரன் பிறந்தான், சுகமாயிருக்கிறான்.

சகோதரிகளே, டாக்டர் டெஸ்ட் சொன்னால் வெட்கப்படாதிருங்கள். சந்தேகமிருந்தால் கேளுங்கள். பச்சைப்பிள்ளையைத் தூக்க வருகிறவர்களிடம் கை கழுவிட்டு வாங்க என்று தைரியமாகச் சொல்லுங்கள். அதைச் சொன்னதற்காகவே ஒரு மனிதர் எல்லாவற்றையும் இழந்தார்.