உழைப்பாளரின் உரிமைக்கு வாதாடிய குரு: பேரருட்திரு ஜான் ரயன்

வேலையாளின் கூலியை வஞ்சித்தல் வானத்தை நோக்கி முறையிடும் பாவங்களுள் ஒன்று என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். அந்தப் போதனை நாட்டின் சட்டமாகவும் வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் பாடுபட்ட ஒரு குருவானவரை இம்மலரில் நினைவுகூர விழைகிறோம்.

ஜான் அகஸ்டின் ரயன் 1869-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், அயர்லாந்திலிருந்து குடியேறிய உழவர் குடும்பத்தில் மூத்த மகனாகப் பிறந்தார். உழவர் படும் பாட்டைச் சிறு வயதிலேயே கண்டவர். தொழிலாளர் நிலைபற்றித் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இல் வெளியிட்ட திருமடல், குருமட மாணவரான அவருடைய உள்ளத்தில் ஆழப் பதிந்தது. 1898-இல் குருப்பட்டம் பெற்றார்.

சிக்கனமாக வாழும் தொழிலாளிக்குப் போதுமான கூலி தரப்பட வேண்டும் என்பது திருத்தந்தையின் போதனை. போதுமானது என்றால் எவ்வளவு? இதற்கு விடைகாண முனைந்தார் ரயன். உணவு, உடை, வாடகை, மருந்து எல்லாவற்றையும் கணக்கிட்டு, அமெரிக்க நகரங்களில் ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 600 டாலராவது வேண்டும் என்று 1906-இல் வெளியிட்ட நூலில் காட்டினார். நகரத் தொழிலாளருள் பாதிக்கு மேற்பட்டோர் அதற்கும் குறைவாகவே பெற்று வந்தனர். வாழ்வதற்கேற்ற கூலி முதலாளி இடும் பிச்சையன்று. தொழிலாளிக்கு இறைவன் அளித்த உரிமை. இதுவே அவர் வாதம்.

நூலோடு அவர் நின்றுவிடவில்லை. மினசோட்டாவில் 1913-இல் நிறைவேறிய குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை வரைந்தவர் அவரே. அதே ஆண்டில் ஆரகன் மாநிலத்திலும் அத்தகைய சட்டம் பிறந்தது. அதற்காகப் போராடியவர் ரயனின் மாணவரான அருட்திரு எட்வின் ஓஹாரா. கரோலின் கிளீசன் என்னும் இளம்பெண், தொழிற்சாலைகளில் தாமே வேலை செய்து பெண்களின் கூலிநிலையை ஆராய்ந்து அறிக்கை தந்தார். பின்னாளில் அவர் கன்னியர் மடத்தில் சேர்ந்தார், ஓஹாரா ஆயரானார்.

சோதனைகளுக்கும் குறைவில்லை. அமெரிக்க ஆயர்கள் 1919-இல் வெளியிட்ட சமூகச் சீரமைப்புத் திட்டம் ரயன் எழுதியதே. அதில் பொதுவுடைமை மணக்கிறது என்று முதலாளிகள் பழித்தனர். 1923-இல் உச்சநீதிமன்றம் தலைநகர் வாஷிங்டனின் கூலிச் சட்டத்தைச் செல்லாதென அறிவித்தது. பல்லாண்டு உழைப்பு வீணாயிற்றோ என்று பலரும் சோர்ந்தனர், ரயன் சோரவில்லை. பதினான்கு ஆண்டுகளுக்குப்பின், ஓட்டல் அறைகளைத் துப்புரவு செய்த ஒரு பெண்ணின் வழக்கில் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பை மாற்றியது. 1938-இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலியாயிற்று. ஆனால் பண்ணைக் கூலிகளும் வீட்டு வேலைக்காரரும் அதில் சேர்க்கப்படவில்லை. 1945 செப்டம்பரில் ரயன் இறைவனடி சேர்ந்தார்.

அன்று சட்டம் மறந்த அந்த இரு வகையினரை நாம் மறக்கலாகாது. அவர்கள் நம் வயல்களிலும் வீடுகளிலும் இருக்கிறார்கள். ஆலயத்திற்கு நாம் அளிக்கும் காணிக்கை நல்லதே. ஆயினும் அது அவர்களுக்குரிய கூலியைக் குறைத்துச் சேர்த்த பணமாக இருக்கலாமா? ஜூபிலி ஆண்டில் அவர்களுடைய கணக்கை நேர்செய்வோம். அதுவே ஆண்டவருக்கு உகந்த காணிக்கை.