ஆண்டர்சன் ஐயரும் ஆகமன கால நம்பிக்கையும்

கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முன்வரும் நான்கு ஞாயிறுகளையும் திருச்சபையார் ஆகமன காலம் என வழங்குவர். திருநாள் இன்னும் வந்தெய்தவில்லை. வருமென்னும் உறுதி மட்டுமே நம்மிடம் உண்டு. ஆதலின் இக்காலத்திற்குரிய தலையாய குணம் நம்பிக்கையே. தம் உழைப்பின் முழுப்பயனைக் காணாமலே நம்பிக்கையோடு உழைத்த பெரியார் ஒருவரின் வரலாற்றை இந்நாளில் எண்ணிப் பார்த்தல் நமக்கு நலம் பயக்கும். காஞ்சிமாநகரில் இன்றும் ஒரு பள்ளிக்குத் தம் பெயரைத் தந்து விளங்கும் ஜான் ஆண்டர்சன் ஐயரே அப்பெரியார்.

இவர் 1805-ஆம் ஆண்டு ஸ்காத்லாந்து தேசத்துக் காலோவே நாட்டில் பிறந்தார். எடின்பரோ சர்வகலாசாலையிற் பயின்று, பேர்பெற்ற சால்மர்ஸ் என்பாரிடம் வேதசாஸ்திரங் கற்றார். கல்கத்தாவிலே கல்வி வாயிலாகத் திருப்பணி புரிந்த டப் ஐயரின் முன்மாதிரி இவருள்ளத்தை ஈர்த்தது. 1837-ஆம் ஆண்டு சென்னை ஆர்மீனியன் தெருவில் 59 மாணவரோடு ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஈராண்டிற்குள், 1839-இல், காஞ்சியிலும் ஒரு கிளைப்பள்ளி எழுந்தது. காஞ்சி கல்விக்குப் புதிய ஊரன்று. பல்லவர் காலத்தில் கடிகையென்னும் கல்விக்கழகத்தை நாடித் தொலைநாட்டாரும் வந்த ஊர் அது. ஆயினும் எக்குலத்தாரும் ஒரே பலகையில் அமர்ந்து கற்பதென்பது அந்நாளில் தென்னாட்டிற் பலரும் பொறுக்கலாகாத புதுமையாயிருந்தது.

அப்புதுமையே ஐயருக்குச் சோதனையாயிற்று. 1838-ஆம் ஆண்டு ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகள் சிலர் சென்னைப் பள்ளியிற் சேர்ந்தனர். அவர்களை நீக்குதல் வேண்டும், அன்றேல் வேறிடத்தில் இருத்துதல் வேண்டும் என்று உயர்குலத்துப் பெற்றோர் வற்புறுத்தினர். இணங்கியிருப்பின் பள்ளி நிறைந்தேயிருக்கும். ஐயர் இணங்கவில்லை. மாணவர் பலர் விலகினர். காலஞ் செல்ல மீண்டும் வந்தனர். 1841-இல் இராஜகோபால், வேங்கடராமையா என்னும் மாணவர் இருவர் ஞானஸ்நானம் பெற்றபோது பெரும் புயல் எழுந்தது. வகுப்புகள் வெறிச்சோடின. ஐயரோ, எஞ்சிய சிலரை வைத்துக்கொண்டு வழக்கம்போலப் பாடம் நடத்தினார். 1843-இல் ஸ்காத்லாந்து திருச்சபை பிளவுபட்டபோது சுயாதீன சபையின் பக்கம் நின்றார். 1853-இல் உடனுழைத்த ஜான்ஸ்டன் ஐயர் மறைந்தார். ஈராண்டு கழிந்து, 1855-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், ஐம்பது வயது நிரம்புமுன்னரே ஆண்டர்சன் ஐயரும் சென்னையில் உயிர்நீத்தார்.

அவருக்குப் பின் பள்ளி தளர்ந்தது. அவர் பாடெல்லாம் வீணென்று கண்டோர் கருதியிருக்கலாம். 1862-ஆம் ஆண்டு, ஆகமன காலத்தைத் தன்னகத்தே கொண்ட டிசம்பர் மாதத்தில், மில்லர் என்னும் இளைஞர் சென்னை வந்திறங்கினார். தளர்ந்து கிடந்த அப்பள்ளியே அவர் கையில் வளர்ந்து 1877-இல் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையாயிற்று. மோசே நேபோ மலைமீது நின்றேனும் கானானைக் கண்டான். ஆண்டர்சன் ஐயருக்கு அத்துணைக் காட்சியும் கிட்டவில்லை.

ஐயரின் திருச்சபையார் அந்நாளில் ஆகமன காலத்தை அனுசரிக்கும் வழக்கமிலர். எனினும் அக்காலத்தின் பொருளை அவர் வாழ்வில் நாம் தெளிவுறக் காண்கிறோம். காஞ்சி நெசவாளரும் இதனை அறிவர். கார்த்திகை மழையில் தெருவிலே பாவு நீட்டலாகாது, குழித்தறியும் ஈரமுறும். அவர்கள் வெயிலை நோக்கியிருப்பினும் வாளாவிருப்பதில்லை. சிக்கெடுத்து, இழை சுற்றி, வெயில் வந்த காலைக்கு வேண்டுவன யாவும் ஆயத்தம் செய்கின்றனர். காத்திருத்தல் சோம்பியிருத்தலன்று.

மாணவ நண்பர்களே! ஐயர் எதற்காகப் பள்ளி வெறுமையாவதையும் பொறுத்தாரோ, அது இன்னும் முற்றும் நிறைவேறவில்லை. நம் விடுதிப் பந்திகளிலும், மணம் பேசும் வீடுகளிலும், ஏன், நம் ஆலயங்களிலுங்கூடச் சாதி நினைவு அகன்றிலது. ஆகமன மெழுகுவர்த்திகளை ஏற்றும் நாம், அருகில் அமர்பவன் எக்குலத்தான் என்று வினவாதிருக்கக் கற்போமாக. வரவிருக்கும் ஆண்டவருக்கு வழியை ஆயத்தம் செய்தல் இவ்வளவிலேனும் நம் கையிலுள்ளது. அதன் நிறைவை நாம் காணாவிடினும், நமக்குப் பின் இப்பலகைகளில் அமர்வோர் காண்பார்கள்.