ஸ்நூக்கருக்கு அரங்கு அமைத்த ஜோ டேவிஸ்

இங்கிலாந்தில், டெர்பிஷயர் மாவட்டத்து நிலக்கரிச் சுரங்கப் பகுதியில், விட்வெல் என்னும் சிற்றூரில் 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் ஜோ டேவிஸ் பிறந்தார். தந்தையார் சுரங்கத் தொழிலாளி. பின்னர் அத்தொழிலை விடுத்து, செஸ்டர்பீல்டு நகரை அடுத்து மதுச்சாலையுடன் கூடிய விடுதி ஒன்றை ஏற்று நடத்தலானார். அவ்விடுதியில் முழு அளவுள்ள பில்லியர்ட்ஸ் மேஜை ஒன்று இருந்தது. சிறுவனின் பள்ளிக்கூடம் அதுவேயாயிற்று. வலக்கண்ணில் பார்வை மிகக் குன்றியிருந்தமையால், ஆடுகோலை இடக்கண்ணுக்கு நேரே பிடித்து ஆடப் பழகினார். 13ஆம் வயதில் செஸ்டர்பீல்டு வட்டார அமெச்சூர் சாம்பியன் பட்டம் அவர் கைக்கு வந்தது. 18ஆம் வயதில் ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டார்.

அக்காலத்தில் ஆட்டம் என்றால் பில்லியர்ட்ஸ்தான். ஸ்நூக்கர் அதன் தங்கை முறையில், ஓய்வு வேளை விளையாட்டாக மதிக்கப்பட்டது. இத்தங்கை நம் நாட்டில் பிறந்தவள் என்பதை அன்பர்கள் பலர் அறிவர். 1875ஆம் ஆண்டில் ஜபல்பூர் ராணுவ முகாமில் தோன்றி, பின் நீலகிரி மலையில் உதகமண்டலம் கிளப்பில் விதிகள் வகுக்கப்பெற்று, கப்பலேறிச் சென்றவள். இங்கிலாந்தில் அமெச்சூர் ஆட்டக்காரர்களுக்கு 1916 முதலே ஸ்நூக்கர் சாம்பியன் போட்டி உண்டு. ஆனால் அதனாலேயே வயிறு வளர்க்க வேண்டிய தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு ஒன்றும் இல்லை! 1924இல் டாம் டென்னிஸ் என்னும் ஆட்டக்காரர் அத்தகைய போட்டி ஒன்றை நடத்துமாறு பில்லியர்ட்ஸ் சங்கத்தை வேண்டினார். பொதுமக்கள் காசு கொடுத்துப் பார்க்கும் அளவுக்கு இவ்வாட்டம் கவர்ச்சி உடையதன்று என்று சங்கம் கையை விரித்துவிட்டது.

டேவிஸ் அவ்வாறு எண்ணவில்லை. தாமே பில்லியர்ட்ஸ் கூடங்களை நிர்வகித்தவராதலின், மக்கள் எந்த மேஜையைச் சுற்றிக் கூடுகின்றனர் என்பதைக் கண்ணாரக் கண்டிருந்தார். பர்மிங்ஹாமில் ஆட்டக்கூடம் நடத்திய பில் காம்கின் என்பவருடன் கலந்து, சங்கத்தை இசைய வைத்தார். போட்டிக்குப் புரவலர் எவரும் இலர். ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஐந்து கினி நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும்; மற்றது வாயிலில் வசூலாகும் பணம். நம் சங்கங்களில் கேரம் போட்டிக்காக ரசீதுப் புத்தகத்துடன் வீடு வீடாக ஏறி இறங்கியவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமையும் அவதியும் விளக்காமலே விளங்கும். பதின்மர் சேர்ந்தனர். 1927ஆம் ஆண்டு மே மாதம் காம்கின் கூடத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் டேவிஸ் அதே டாம் டென்னிஸை 20-11 என்ற கணக்கில் வென்றார். பெற்ற பரிசு ஆறு பவுன் பத்து ஷில்லிங்! ஆட்டக்காரர்களுக்குச் சேரவேண்டிய வசூலில் ஒரு பகுதியைக் கொண்டே சங்கம் வெள்ளிக் கோப்பையையும் வாங்கியது.

கோப்பை வந்ததே தவிர, கூட்டம் உடனே வந்துவிடவில்லை. 1931இல் போட்டிக்குப் பெயர் கொடுத்தவர் இருவரே, டேவிஸும் டென்னிஸும். 1934இலும் இருவரே. வேறொருவராயின் கைகழுவியிருப்பார். டேவிஸோ விடாது ஆடினார். அதற்குள் பில்லியர்ட்ஸின் நிலை தாழ்ந்தது. ஆஸ்திரேலியரான வால்டர் லிண்ட்ரம் 1932இல் டேவிஸுக்கு எதிராகவே ஒரே மூச்சில் 4,137 புள்ளிகள் எடுத்தார். திறமை அத்துணை முற்றியபின் பார்ப்போர்க்குச் சலிப்பன்றி வேறென்ன மிஞ்சும்? மக்களின் கண் ஸ்நூக்கர் பக்கம் திரும்பியது. 1927 முதல் 1946 வரை நடந்த பதினைந்து உலகப் போட்டிகளிலும் டேவிஸே வென்றார். 1940இல் தம்பி பிரெட்டிடம் 37-36 என்று மயிரிழையில் தப்பினார். புள்ளிச் சலுகையின்றி அவரை வென்றவர் அத்தம்பி ஒருவரே.

1946இல் லண்டன் தோட்டக்கலை மண்டபத்தில் ஹாரஸ் லிண்ட்ரமை 78-67 என வென்றதும், உலகப் போட்டியிலிருந்து விலகினார். பிறருக்கு வழிவிட்டார் என்றே அனைவரும் கருதினர். ஆனால் ஆட்டத்தை அவர் விடவில்லை. பிற போட்டிகளில் எதிரிகளுக்குப் புள்ளிகளை விட்டுக்கொடுத்து ஆடி வந்தார். இதனால் உலகச் சாம்பியன் எவராயினும், அவரினும் பெரியவர் ஒருவர் வெளியே இருக்கிறார் என்ற எண்ணம் மக்களிடம் நிலைத்தது. தாம் நட்ட மரத்தின் மேல் தம் நிழலே விழுந்ததை அவர் உணர்ந்தாரோ இல்லையோ, போட்டி வாடியது. வசூலைப் பங்கிடுவதில் சங்கத்துக்கும், டேவிஸ் தலைமை தாங்கிய தொழில்முறை ஆட்டக்காரர் அமைப்புக்கும் பிணக்கு மூண்டு, 1952இல் சங்கத்தின் போட்டியில் இருவரே ஆடினர். ஆட்டக்காரர் அமைப்பு தனியே நடத்திய போட்டியும் 1957இல் நால்வருடன் நின்றுபோயிற்று. 1955 ஜனவரி 22ஆம் நாள் டேவிஸ் எடுத்த 147 என்னும் முழுமையான ஆட்டத்தை ஏற்கவே சங்கத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அமெச்சூர்களோ முன்னேறினர். அவர்களுக்கான முதல் உலக ஸ்நூக்கர் போட்டி 1963இல் நம் கல்கத்தாவில் நடந்தது. இங்கிலாந்தின் கேரி ஓவன் வென்றார். தொழில்முறைப் போட்டி 1964இல் மீண்டும் உயிர்பெற்றது. 1969இல் சிகரெட் கம்பெனியொன்று பணம் தர முன்வந்தபோது, இறுதிவரை வந்த இருவரில் ஒருவர் அதே ஓவன்.

1978இல் ஷெஃபீல்டில் 64 வயதுத் தம்பி பிரெட் அரையிறுதியில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது டேவிஸ் நோய்வாய்ப்பட்டார். ஜூலை 10ஆம் நாள் காலமானார். அவ்வாண்டு வென்றவருக்குப் பரிசு 7,500 பவுன். உடன் வழங்கப்பட்டது 1927இல் வாங்கிய அதே வெள்ளிக் கோப்பை.