கிரகணத்தைக் கணக்கிட்ட பிறகும் ஏன் தொழ வேண்டும்? இமாம் கஸ்ஸாலியின் வாழ்க்கையிலிருந்து

2019 டிசம்பர் 26ஆம் திகதி நம் நாட்டின் வடக்கே வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. எங்கள் ஊரில் அது பகுதிக் கிரகணமாகத்தான் தெரிந்தது. பள்ளிவாசலில் கிரகணத் தொழுகை நடந்தது. விடுமுறை முடிந்து ஜனவரியில் பாடசாலை தொடங்கியபோது தரம் 10 மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள். கிரகணம் எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்குத் தொடங்கும் என்பது முன்கூட்டியே தெரியும் என்றால், பயந்து தொழ வேண்டிய தேவை என்ன சேர்?

அன்று நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவளுடைய கேள்விக்கு மிக நெருக்கமான ஒன்றை 900 ஆண்டுகளுக்கு முன்பே இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எடுத்துப் பேசியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிய வந்தது. நான் ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில், முஸ்லிம்களின் விஞ்ஞானத்தை முடித்து வைத்தவர் கஸ்ஸாலிதான் என்று ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் பல வருடங்கள் அதை நம்பினேன். அவருடைய வாழ்க்கையை வாசித்த பிறகு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

அபூ ஹாமித் முஹம்மத் அல்கஸ்ஸாலி 1058இல் ஈரானின் குராஸான் பகுதியில் உள்ள தூஸ் நகரில் பிறந்தார். தந்தை கம்பளி நூற்றுப் பிழைத்த ஏழை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர் மரணிக்கும்போது இரண்டு மகன்மாரையும் ஒரு ஸூபி நண்பரிடம் ஒப்படைத்தார். விட்டுச்சென்ற பணம் தீர்ந்ததும், சாப்பாடு கிடைக்கும் மத்ரஸா ஒன்றில் சேர்ந்துகொள்ளுமாறு அந்த நண்பர் பிள்ளைகளுக்குச் சொன்னார். வயிற்றுக்காக மத்ரஸாவுக்குப் போன அந்தப் பிள்ளை நிஷாபூரில் இமாமுல் ஹரமைன் அல்ஜுவைனியின் மாணவரானார். 1091இல் ஸல்ஜூக் அமைச்சர் நிஸாமுல் முல்க் அவரைப் பக்தாத் நிஸாமிய்யாவின் தலைமை ஆசிரியராக நியமித்தார். அப்போது அவருக்கு 33 வயது. அவரிடம் 300 மாணவர்கள் ஓதினார்கள்.

இவ்வளவு வேலைக்கு நடுவில், கிடைத்த ஓய்வு நேரங்களில், ஆசிரியர் யாருமில்லாமல் தத்துவ நூல்களை அவர் தனியாகப் படித்தார். படித்து முடிக்க இரண்டு வருடத்துக்குச் சற்றுக் குறைவாகவும், படித்ததை அசைபோட இன்னுமொரு வருடமும் ஆகின. ஒரு துறையை அதன் நிபுணர்களுக்குச் சமமாக அறியாமல் மறுக்கக் கூடாது என்பது அவர் வைத்துக்கொண்ட நிபந்தனை. கேள்விப்பட்டதை வைத்தே மேடை ஏறும் நம் காலத்துப் பேச்சாளர்களை நினைத்தால் இந்த நிபந்தனையின் பெறுமதி விளங்கும்.

அதன் பிறகு அவர் எழுதியதுதான் தஹாபுதுல் பலாஸிபா. தத்துவவாதிகளின் 20 கருத்துக்களை மறுக்கும் நூல் அது. ஆனால் மறுப்பைத் தொடங்கும் முன், எதை மறுக்கக் கூடாது என்பதை முன்னுரையிலேயே எழுதிவிடுகிறார். அதற்கு அவர் எடுத்த உதாரணம் கிரகணம். சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவில் பூமி வருவதால் சந்திர கிரகணமும், பார்ப்பவருக்கும் சூரியனுக்கும் நடுவில் சந்திரன் வருவதால் சூரிய கிரகணமும் உண்டாகின்றன. இவை கணிதத்தால் நிறுவப்பட்டவை, சந்தேகத்துக்கு இடமில்லாதவை என்கிறார். கிரகணத்தின் நேரத்தையும் அளவையும் கணக்கிட்டுச் சொல்லத் தெரிந்த ஒருவரிடம் போய் இது மார்க்கத்துக்கு முரண் என்று சொன்னால், அவர் தன் கணக்கைச் சந்தேகிக்க மாட்டார். மார்க்கத்தைத்தான் சந்தேகிப்பார். மார்க்கத்தைத் தவறான முறையில் காப்பாற்றப் போகிறவர் செய்யும் கெடுதி, அதை எதிர்ப்பவர் செய்யும் கெடுதியைவிடப் பெரியது என்பது இமாமின் தீர்ப்பு.

நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் மரணித்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசினார்கள். யாருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று தெளிவுபடுத்திய நபியவர்கள், அதைக் கண்டால் தொழும்படி பணித்தார்கள். இந்த ஹதீஸ் கணக்கை மறுக்கவில்லை என்கிறார் கஸ்ஸாலி. சூரியன் உச்சி சாயும் நேரமும் மறையும் நேரமும் நமக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் ளுஹரும் மஃரிபும் தொழுகிறோம். கிரகணத்தின் போது தொழச் சொன்னதில் மட்டும் என்ன வியப்பு இருக்கிறது?

அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

உலகம் உருண்டையா தட்டையா, ஆறு பக்கமா எட்டுப் பக்கமா, வானம் பதின்மூன்று அடுக்கா அதைவிடக் குறைவா என்பதெல்லாம் ஈமானைப் பொறுத்தவரை வெங்காயத்துக்கு எத்தனை தோல், மாதுளைக்கு எத்தனை விதை என்று கேட்பது போன்றது என்றும் அவர் எழுதினார். எப்படி இருந்தாலும் அது அல்லாஹ்வின் செயல் என்பதே மார்க்கம் பேச வந்த விடயம். ஒவ்வொரு புதிய கண்டுபிடிப்பையும் அல்குர்ஆனில் தேடிப்பிடித்துக் காணொளி போடுகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும். நாளைக்கு அந்தக் கோட்பாடு மாறினால் அவர்கள் எதை மாற்றுவார்கள்?

கணக்குப் பிழைக்காத தத்துவவாதிகள் மறுமையைப் பற்றிச் சொல்வதும் பிழைக்காது என்று மயங்கி நம்புகிறவர்களையும் அவர் விடவில்லை. ஒரு துறையில் கெட்டிக்காரர் எல்லாத் துறையிலும் கெட்டிக்காரர் அல்லர் என்றார். ஆனால் மூன்று கருத்துக்களுக்காக அவர் தத்துவவாதிகளைக் காபிர்கள் என்று தீர்ப்பளித்ததை வாசிக்கும்போது எனக்கு இன்னும் தயக்கம் உண்டு. பின்னால் வந்த இப்னு ருஷ்த் அந்த நூலுக்கு முழு மறுப்பே எழுதினார்.

இனி அவருடைய வாழ்க்கையில் நடந்ததைப் பார்ப்போம். 1092இல் நிஸாமுல் முல்க் கொலை செய்யப்பட்டார். அதே வருடம் சுல்தான் மலிக்ஷாவும் மரணித்தார். கஸ்ஸாலியின் பெயரும் புகழும் மட்டும் கூடிக்கொண்டே போயின. 1095ஆம் ஆண்டின் நடுவில் ஒருநாள் பாடம் நடத்த வாய் திறந்தபோது நாக்கு எழவில்லை. உணவு இறங்கவில்லை. உடல் தளர்ந்தது. வைத்தியர்கள் பார்த்துவிட்டு, நோய் உள்ளத்தில் தொடங்கி உடம்புக்கு இறங்கியிருக்கிறது, மனக்கவலை தீராமல் மருந்து வேலை செய்யாது என்று கைவிட்டார்கள். அவர் வைத்தியத்தை இகழவில்லை. வைத்தியம் தன் எல்லையை நேர்மையாகச் சொல்லிவிட்டது. தான் கற்பிப்பது அல்லாஹ்வுக்காகவா, பெயருக்காகவா என்பதே அவரை வதைத்த கேள்வி. நாடி பிடித்து அதற்கு விடை சொல்ல முடியாது.

பிள்ளைகளின் செலவுக்கு வேண்டியதை வைத்துவிட்டு மீதிச் செல்வத்தைப் பங்கிட்டார். பாடம் நடத்தும் பொறுப்பைத் தம்பி அஹ்மதிடம் கொடுத்தார். மக்காவுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு டமஸ்கஸுக்குப் போனார். அங்கே உமையா பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டு நாள் முழுவதும் தனித்திருந்தார். சுமார் 270 வருடங்களுக்குப் பிறகு அதே பள்ளிவாசலில் நேரம் கணிப்பவராக இருந்த இப்னு ஷாதிர், 1371இல் அதன் மினாராவில் சூரியக் கடிகாரம் ஒன்றை அமைத்தார். சந்திரனின் ஓட்டத்துக்கு அவர் வகுத்த கணித மாதிரியும் பின்னாளில் கொப்பர்னிகஸ் பயன்படுத்திய மாதிரியும் ஒன்றே. கஸ்ஸாலியோடு விஞ்ஞானம் முடிந்தது என்பவர்கள் இதை எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை.

டமஸ்கஸிலிருந்து பைத்துல் முகத்தஸுக்கும் ஹெப்ரோனுக்கும் போய், பிறகு ஹஜ் செய்தார். ஹெப்ரோனில் இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் நின்று, அரசர்களிடம் போவதில்லை, அவர்களின் பணத்தை வாங்குவதில்லை, வாதப் பிரதிவாதங்களில் இறங்குவதில்லை என்று உறுதி எடுத்தார். இஹ்யா உலூமித்தீன் இந்தக் காலத்தில் உருவானது. அதில் வைத்தியத்தையும் கணக்கையும் பர்ளு கிபாயா என்று எழுதினார். பல ஊர்களில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர்கூட இல்லாதபோது எல்லோரும் பிக்ஹு விவாதத்துக்கே ஓடுகிறார்களே என்று நொந்துகொண்டார். வைத்தியம் படித்தால் வக்பு நிர்வாகமோ காழிப் பதவியோ கிடைக்காதே என்று குத்திக் காட்டவும் தவறவில்லை.

1106இல் அமைச்சர் ஒருவரின் வற்புறுத்தலால் நிஷாபூரில் மீண்டும் பாடம் நடத்தினார். பிறகு சொந்த ஊருக்கே திரும்பினார். 1111 டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை வுளூச் செய்து ஸுப்ஹு தொழுதார் என்றும், கபன் துணியைக் கேட்டு வாங்கி முத்தமிட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டு, கிப்லாவை நோக்கிக் கால் நீட்டிப் படுத்தார் என்றும் தம்பி அஹ்மத் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. வெளிச்சம் பரவும் முன் அவருடைய உயிர் பிரிந்தது.