கோட்டைக்குள் குடியேறிய அம்மையார்

ஊரின் பெயரில் கோட்டை இருக்கிறது, ஊருக்குள் கோட்டையைக் காணோமே என்று வெளியூரிலிருந்து நம் பள்ளிக்கு வரும் பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. பாளையங்கோட்டையின் மதில்கள் இடிக்கப்பட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. வாசல்கள் இருந்த இடங்களில் எஞ்சிய கற்கட்டடங்களைக் கடந்து, புத்தகப் பையும் சாப்பாட்டுத் தூக்குமாக நாம் நாள்தோறும் பள்ளிக்கு வருகிறோம். இரு நூற்றாண்டுகளுக்கு முன் அந்த மதிலுக்குள் தன்னந்தனியாக வாழ்ந்த ஒரு பெண்மணியைப் பற்றி இம்மலரில் எழுத விழைகிறோம். அவரை ஏடுகள் குளோரிந்தா அம்மையார் என்று குறிக்கின்றன.

அம்மையார் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர், சீர்திருத்த சபையார். பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். வீரமாமுனிவர் காமநாயக்கன்பட்டியில் பணிபுரிந்ததும் அம்மையார் காலத்துக்கு முந்திய செய்தியே. ஆகவே நெல்லைச் சீமையில் முதல் கிறிஸ்தவர் இவர் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் நாம் குடியிருக்கும் தெருக்களின் கதையில் இவரை விட்டுவிட்டுப் பேச முடியாது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் பிறந்து வளர்ந்த நமக்கு, பிற சபையாரின் நற்செயலைப் போற்றுவதில் தயக்கமும் இல்லை.

அம்மையார் தஞ்சையில் வாழ்ந்த மராட்டியப் பிராமணக் குடும்பத்தைச் சேர்ந்தவர். இளமையிலேயே கைம்பெண்ணானார். அக்காலத்தில் அந்நிலை எத்தகையது என்பதை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். கணவனுடைய சிதையிலிருந்தே ஓர் ஆங்கிலப் படை அதிகாரி அவரைக் காப்பாற்றினார் என்பது சொல்வழக்கு. அந்த அதிகாரியின் பெயர் லிட்டில்டன். பெருங்குளத்தில் பிறந்த அ. மாதவையா 1915-இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் இக்கதையை விரிவாகச் சொல்கிறது. படித்தவர்கள் பலர் நாவலையே வரலாறாக எண்ணிக்கொள்வதும் உண்டு. நாம் அந்த வண்ணங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, அம்மையார் லிட்டில்டனுடைய ஆதரவில் இருந்தார், அவரிடம் ஆங்கிலமும் கிறிஸ்து மறையின் அடிப்படைகளும் கற்றார் என்ற அளவில் நின்றுகொள்வோம்.

தஞ்சையில் அப்போது சுவார்ட்ஸ் ஐயர் என்னும் ஜெர்மானியக் குருவானவர் பெயர் பெற்றிருந்தார். 1750-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியவர். ஐதர் அலியிடம் கும்பினியாருக்காகத் தூது சென்றவர். பின்னாளில் சரபோஜி மன்னருக்குப் பாதுகாவலராய் இருந்தவர். அவரிடம் சென்று திருமுழுக்குக் கேட்டார் அம்மையார். குருவானவர் மறுத்துவிட்டார். காரணம், அம்மையாரும் லிட்டில்டனும் முறைப்படி மணம் செய்துகொள்ளவில்லை. மணப்பதாக அந்தத் துரை வாக்களித்திருந்தார், அது நிறைவேறவில்லை.

சுவார்ட்ஸ் ஐயர் செய்தது முறையே. எந்தச் சபையின் குருவானவரும் வேறுவிதமாகச் செய்திருக்க இயலாது. ஆனால் வாக்குத் தவறியவர் ஒருவர், வாசலில் நிறுத்தப்பட்டவர் இன்னொருவர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிறந்த வீட்டார் கதவை அடைத்தாயிற்று. புதிதாகத் தேடிச் சென்ற இடத்திலும் கதவு திறக்கவில்லை. இந்நிலையில்தான் லிட்டில்டன் பாளையங்கோட்டைப் படைக்கு மாற்றப்பட, அம்மையாரும் உடன் வந்தார்.

அன்றைய பாளையங்கோட்டை பள்ளிகளின் ஊர் அன்று, படைவீரரின் ஊர். தாமிரபரணிக்கு மேற்கே நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி வளர்ந்த பழம்பெரும் திருநெல்வேலி நகரம். கிழக்கே மதில் சூழ்ந்த இந்தக் கோட்டை. நடுவில் ஆற்றைக் கடக்கப் பாலம்கூட இல்லை. சுலோசன முதலியார் பாலம் 1843-இல்தான் வந்தது. கோட்டையில் ஆங்கில அதிகாரிகள், தமிழ்ச் சிப்பாய்கள், அவர்தம் பெண்டு பிள்ளைகள், பண்டம் விற்போர், பணியாளர் என்று பல ஊரிலிருந்தும் வந்து சேர்ந்த மக்கள் வாழ்ந்தனர். பட்டாளம் புறப்பட்டால் பாதித் தெரு காலியாகும் வாழ்க்கை அது.

அங்கே லிட்டில்டன் இறந்துபோனார். ஊரும் உறவும் இன்றி, பேர் சொல்லிக்கொள்ள ஒரு முறையான மணமும் இன்றி, பட்டாளத்து ஊரில் ஒரு பெண் தனியாக நின்றார். வேறு யாரேனும் ஆனால் எங்கேனும் போய் மறைந்திருப்பார்கள். அம்மையார் கோட்டையை விட்டுப் போகவில்லை. அங்கிருந்த எளிய மக்களோடு பழகி, தாம் அறிந்த மறைச் செய்தியை அவர்களுக்குச் சொல்லி வந்தார். இந்த இடத்தில் சவரிமுத்து என்பவரையும் நினைவுகூர வேண்டும். திருச்சிச் சபையைச் சேர்ந்த அவர் பாளையங்கோட்டையில் தங்கி, மறைநூலைப் பிறருக்கு வாசித்துக் காட்டியதாக 1771-லேயே சுவார்ட்ஸ் ஐயர் குறித்திருக்கிறார். விதை முன்பே விழுந்திருந்தது. அதற்கு வீடும் முற்றமும் கொடுத்தவர் அம்மையார்.

1778-இல் சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தபோது, அம்மையார் மீண்டும் திருமுழுக்குக் கேட்டார். இம்முறை தடை இல்லை. குளோரிந்தா என்பது அன்று பெற்ற பெயர்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1780-இல் அச்சபையின் பெயர்ப்பட்டியல் எழுதப்பட்டது. நாற்பது பேர். முதற்பெயர் குளோரிந்தா. அடுத்து அவருடைய வளர்ப்பு மகன். அவனுக்கு ஹென்றி லிட்டில்டன் என்று அந்தத் துரையின் பெயரையே இட்டிருந்தார். பின்னர் அவர் வீட்டுப் பணிப்பெண் சாராள். எசமானியும் பணிப்பெண்ணும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்பது அந்நாளில் எவ்வளவு பெரிய காரியம் என்பதை மாணவியர் எண்ணிப் பார்க்கலாம். நாற்பது பேரும் ஒரே சாதியாரும் அல்லர். தேவசகாயம் என்பவரும் அச்சபையைச் சேர்ந்தவர். முன்பு கத்தோலிக்கராய் இருந்தவர். பெத்தலகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார் இவருடைய மகன். சிறுவன் வேதநாயகத்தின் அறிவைக் கண்டு சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சைக்கு அழைத்துச் சென்று கல்வி அளித்ததும் இங்கிருந்துதான்.

சபை கூடியது, கூடுவதற்குக் கோயில் இல்லை. அம்மையார் தம் பொருளைக் கொண்டு கோட்டைக்குள் கற்கோயில் ஒன்று எழுப்பத் தொடங்கினார். ஆங்கில அதிகாரிகள் சிலரும் உதவினர். 1785-இல் சுவார்ட்ஸ் ஐயர் வந்து அதனை இறைவழிபாட்டுக்கு அர்ச்சித்தார். ஒருகாலத்தில் திருமுழுக்கு மறுத்தவர், மறுக்கப்பட்டவர் கட்டிய கோயிலில் நின்று மன்றாடினார்! இரேனியுஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820-இல்; ஊசிக்கோபுரம் எனப்படும் பெரிய ஆலயம் 1826-இல் எழுந்தது. இவற்றுக்கெல்லாம் முந்தியது அம்மையாருடைய சிறு கோயில்.

கோயில் கட்டியதோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. மக்களுக்குக் கற்பிக்கத் தக்க ஆள் வேண்டும் என்று தஞ்சைக் குருக்களைக் கேட்டுக்கொண்டார். சத்தியநாதன் என்னும் உபதேசியார் அனுப்பப்பட்டார். 1790-இல் அவர் குருவாக அருட்பொழிவு பெற்றார். மறு ஆண்டில் யெனிக்கே ஐயர் வந்தார். சபை கோட்டையைத் தாண்டிச் சிற்றூர்களுக்குப் பரவியது. அதற்குப் பின் அம்மையாரைப் பற்றிய குறிப்புகள் ஏடுகளில் அருகிவிடுகின்றன. பெரிய ஐயர்மார் வந்தபின் வரலாறு அவர்களையே பார்த்தது போலும்.

அம்மையார் முதுமை எய்திய காலமோ அமைதியான காலம் அன்று. 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரி 2-ஆம் நாள் ஊமைத்துரையும் தோழர்களும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினர். மீண்டும் போர் மூண்டது. வெடிமருந்தும் குதிரைக் குளம்படியுமாய் இருந்த அத்தெருக்களில்தான் அம்மையாருடைய சபையார் ஞாயிறுதோறும் கூடினர். 1806-ஆம் ஆண்டு வாக்கில் அவர் இறந்தார்.

கோட்டை மதில் போயிற்று, கோயில் நிற்கிறது. ஏட்டில் குளோரிந்தா ஆலயம் என்று பெயர். ஆனால் அந்த அயல்நாட்டுப் பெயர் நம் ஊராரின் நாவில் எளிதில் நிற்கவில்லை. ஊரார் அம்மையாருக்குத் தாமே ஒரு பெயர் வைத்துக்கொண்டனர். அவர் எழுப்பிய கோயில் பாப்பாத்தி அம்மாள் கோயில் ஆயிற்று; மக்கள் தண்ணீருக்காக அவர் தோண்டுவித்த கிணறு பாப்பாத்தி அம்மாள் கிணறு ஆயிற்று.