ரப்பர் தந்த பாதிரியார்

மலர்க் குழுவினர் ஒரு விஞ்ஞானியைப் பற்றி எழுதச் சொன்னார்கள். கேபிள் கம்பெனியில் முப்பது வருஷம் எக்ஸ்ட்ரூடர் பக்கத்திலேயே காலம் தள்ளியவன் நான். எனக்குச் சட்டென்று தோன்றியவர் ஃபாதர் ஜூலியஸ் நியூலண்ட்தான்.

1878-இல் பெல்ஜியத்தில் பிறந்தவர். இரண்டு வயதில் பெற்றோருடன் அமெரிக்காவின் சவுத் பெண்ட் ஊருக்கு வந்து, அங்கே நோட்டர் டேமில் படித்து, 1903-இல் குருவானார். மறுவருஷம் வாஷிங்டன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். ஆராய்ச்சி அசெட்டிலீன் வாயுவைப் பற்றி. அதை ஆர்செனிக் ட்ரைகுளோரைடுடன் சேர்த்தபோது உண்டான பொருள் அவரையே படுக்கையில் தள்ளிவிட்டது. அத்தோடு அந்தப் பக்கமே அவர் போகவில்லை. 1918-இல் வேறொருவர் அதே வழியில் போய் லூயிசைட் விஷத்தை ராணுவத்துக்குச் செய்து கொடுத்தார். விட்டுவிடத் தெரிந்ததும் பெரிய குணம் என்பேன்.

படித்த கல்லூரியிலேயே வாத்தியார் வேலை. 1918 வரை தாவரவியல், அப்புறம்தான் கெமிஸ்ட்ரி. ஆனால் அசெட்டிலீனை விடவில்லை. 1906-இல் செப்புக் குளோரைடுடன் அது சேர்ந்தபோது புதுசாக ஒரு வாசனை வந்தது. அது டைவினைல் அசெட்டிலீன் என்று கண்டுபிடிக்க 14 வருஷம் ஆச்சு! சால்ட் அனாலிசிஸில் ரெண்டாவது தடவையும் விடை வரலேன்னா நாம் எப்படி அலுத்துக்கொள்வோம், ஞாபகம் இருக்கா?

1925-இல் ரோசெஸ்டர் நகரில் அவர் இதைப் பற்றிப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் டூபாண்ட் கம்பெனியின் எல்மர் போல்டனும் ஒருவர். அந்த நூலைப் பிடித்து, கரோதர்ஸ் குழுவினர் 1930-இல் குளோரோப்ரீனை எடுத்தார்கள். அதிலிருந்து வந்த ரப்பர்தான் 1931-இல் அறிவிக்கப்பட்டு, பின்னால் நியோப்ரீன் என்று பெயர் பெற்றது. எண்ணெய்க்கும் ஓசோனுக்கும் இயற்கை ரப்பரைவிட நன்றாகத் தாங்கும்.

ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. குளோரோப்ரீனை அதன் போக்கில் விட்டால் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு முரட்டு ரப்பராகிவிடும். டை வழியாகத் தள்ளினால் சொரசொரப்பாகத்தான் வரும். முதலில் பாதி வினையிலேயே நிறுத்திப் பார்த்தார்கள். பிறகு சங்கிலிக்குள் கந்தகத்தைக் கோத்து, தையூரம் சேர்த்து அந்த இடங்களில் வெட்டிக் குட்டையாக்கும் வித்தை வந்தது. அப்படிச் செய்த ரப்பர் கேபிளின் மேலுறையாக வழவழவென்று வழுக்கிக்கொண்டு வரும். பார்க்கவே ஆசையாக இருக்கும்.

வறுமை விரதம் பூண்டவர் ஆனதால் ராயல்டியில் அவர் ஒரு காசு தொடவில்லை, கல்லூரிக்கே போயிற்று. 1936 ஜூனில், தாம் டாக்டர் பட்டம் வாங்கிய பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தவர் மாரடைப்பில் அங்கேயே காலமானார்.